ஒரு மாத்திரை எச்சு

தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியின் இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அழகிரிசாமி சைக்கிளைக் கிளுவை வேலியில் சாய்த்துவிட்டு, தன் சிறுநீரைத் தானே ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்தான். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் பட்டப்பகலில் வேலி ஓரம் நின்று செய்கிற காரியமா இது என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. சூலூர்ப் பக்கமிருந்து ஒரு விமானம் தாழப் பறந்து போனது. மேலே இருக்கிறவன் பார்த்திருப்பானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோள்பையிலிருந்து பழுப்புநிறப் புட்டியை எடுத்து, அதிலிருந்து சில சொட்டுகளைக் குழாயில் விட்டுக் குலுக்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மஞ்சளாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தான். அப்போதும் மஞ்சள்தான்.

புட்டியில் கோளாறு இல்லை என்று ஆயிற்று. அதற்கு அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கோளாறு இருந்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். புட்டி சரியென்றால், சற்று முன்பு சுப்பண்ணக் கவுண்டர் வீட்டுக் கொல்லைப்புறப் பொடக்காலியில் அவன் கண்ணால் கண்டதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. குழாயைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, வேலி நிழலில் குந்தி உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

அழகிரிசாமி கோயமுத்தூரில் இருந்த காசநோய் நிலையத்தில் ஹோம் விசிட்டர். சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் அந்த வேலைக்கு வந்தவன். அதற்கு முன்பெல்லாம் நெஞ்சில் நோய் வந்தவர்களை மலையடிவாரத்தில் எங்காவது கொண்டுபோய்ப் படுக்கப்போட்டு, பாலும் முட்டையும் கொடுத்து, பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இப்போது அப்படியில்லை. வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகிற மாத்திரை வாய்க்குப் போகிறதா, சாணிக்குழிக்குப் போகிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே. அதைப் பார்க்கிறவன்தான் அழகிரிசாமி. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பான். காலியான பொட்டலங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பான். பிறகு நோயாளியின் சிறுநீரில் அந்தப் புட்டி மருந்தைச் சொட்டு விடுவான். மாத்திரை சாப்பிட்டிருந்தால் நாவல்பழ நிறத்துக்கு வரும். சாப்பிடாதவன் எத்தனை சத்தியம் செய்தாலும் மஞ்சளிலேயே நிற்கும். மாத்திரையை அம்மிக்கல்லுக்கு அடியில் ஒளித்துவைத்த ஒரு மில் மேஸ்திரி, அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டு அவன் காலிலேயே விழுந்திருக்கிறார். அந்தப் புட்டியின் மேல் அழகிரிசாமிக்கு ஒரு பெருமையே இருந்தது.

அவன் சைக்கிள் நிற்கிற வீட்டில் சீக்கு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பால் வாங்க மாட்டார்கள். அதனால் அவனே ஒரு தந்திரம் செய்தான். ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் இருக்கிற நாலைந்து தோட்டங்களிலும் இறங்கி, தாகமாக இருக்கிறது என்று மோர் வாங்கிக் குடித்து, மழையைப் பற்றிப் பழமை பேசிவிட்டு, அதற்கு நடுவில் அந்த வீட்டுக்கும் போய்வருவான். எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது. இதில் அவனுக்குக் கண்ட பலன், நாள் முழுக்க வயிறு முட்ட மோர். இன்றைக்கு இட்டேரியில் சோதனைக்கு வேண்டியது உடனே கிடைத்ததற்கும் அதுதான் காரணம்.

சுப்பண்ணக் கவுண்டர் வீட்டு நோயாளி அவருடைய கடைசித் தம்பி மருதாசலம். மூன்று அண்ணன் தம்பிகள். தகப்பனார் போய் வெகுகாலம் ஆகியும் பிரியாத குடும்பம். ஒரே கிணறு, ஒரே கட்டுத்தரை, ஒரே உலை. இந்தக் காலத்தில் இப்படியும் இருப்பார்களா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மெச்சினார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு என்று காத்துக்கொண்டும் இருந்தார்கள். பிரியாமல் இருந்ததற்குக் காரணம் அண்ணன் தம்பிகள் இல்லை, மூத்தவர் சம்சாரம் சென்னியம்மாள் என்பது அழகிரிசாமிக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் எது வந்தாலும் அவள் கையால்தான் பங்கு. நோம்பிக்கு எடுத்த துணி, சந்தையிலிருந்து வந்த பொரிகடலை, ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பலாச்சுளை, எல்லாம். முன்பு ஒரு தடவை தன் பிள்ளைக்குக் கச்சாயப் பலகாரம் சின்னதாக வந்தது என்று நடுத்தம்பி சம்சாரம் தெய்வாத்தாள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பங்கு பிரிக்கிற பேச்சு அன்றைக்கு வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போயிற்று. அதிலிருந்து சென்னியம்மாளின் கையில் ஒரு தராசே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் கரண்டி யாருக்கும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மருதாசலத்துக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கலியாணமாகி இரண்டு வருஷம். மனைவி பாவாத்தாள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். சோளத்தட்டுக் கட்டை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போருக்கு எறிகிறவன் என்று பேர் எடுத்தவன், ஆடி மாதத்தில் இருமத் தொடங்கி ஐப்பசியில் ரத்தம் துப்பினான். நிலையத்தில் சளியைப் பார்த்தார்கள், கிருமி இருந்தது. வயசுப் பையன், இப்போதுதான் பிடித்திருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் எழுந்துவிடுவான் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். அழகிரிசாமியும் அதை நம்பினான். நம்பினது மட்டும் இல்லை, அந்த வீட்டில் போய், இந்தக் குழந்தை பிறக்கிறபோது உங்கள் புருஷன் எழுந்து ஏர் பூட்டுவார் என்று பாவாத்தாளிடம் வாக்குக் கொடுத்தமாதிரியே பேசிவிட்டான். எல்லாரிடமும் அப்படிப் பேசுகிறவன் அல்ல. அந்த வீட்டில் என்னவோ அப்படிப் பேச வந்தது.

முதல் மாதம் மருதாசலம் கொஞ்சம் தேறினான். சோறு இறங்கியது. பிறகு நின்றது. தை பிறந்தபோது மறுபடி இறங்கத் தொடங்கினான். கன்னத்து எலும்பு தெரிந்தது. சாயங்காலக் காய்ச்சல் திரும்ப வந்தது. அழகிரிசாமி போகும்போதெல்லாம் பொட்டலங்கள் காலியாக இருந்தன. சொட்டு விட்டால் நாவல்பழ நிறம் வந்தது. எந்த நாள், எந்த நேரத்தில் போனாலும் வந்தது. நிலையத்தில் மறுபடி சளி பார்த்தார்கள். கிருமி முன்பைவிட அதிகமாக இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் இப்படி ஆகாது என்றார் டாக்டர். சாப்பிடுகிறார் என்றான் அழகிரிசாமி. நீ போய்ப் பார்க்கிறாயா, சூலூர் டீக்கடையில் உட்கார்ந்து நேரத்தைப் போக்கிவிட்டு வருகிறாயா என்று கேட்டார் அவர். அழகிரிசாமிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பையன் போய்விடுவான் போலிருக்கிறதே என்கிற பயம்.

அவன் எதையெல்லாமோ சந்தேகப்பட்டான். மாத்திரையை விழுங்கிவிட்டுப் பின்னாலேயே வாந்தி எடுத்துவிடுகிறானோ என்று பாவாத்தாளைக் கேட்டான். இல்லை என்றாள். நாட்டு வைத்தியர் யாராவது எதிர்மருந்து கொடுக்கிறார்களோ என்று கேட்டான். சாராயமோ என்று சுப்பண்ணரைத் தனியாக அழைத்துக் கேட்டான். அவர் அதற்குக் கோபப்படக்கூட இல்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்குமோ, வீட்டுக்குள் காற்று வருவதில்லையோ, வீடு இருக்கிற இடம்தான் ராசியில்லையோ என்றெல்லாம் போனது அவன் புத்தி. படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே கடிந்தும் கொண்டான்.

இன்று காலை நடந்தது இதுதான். பொடக்காலியில் மருதாசலத்தின் சோதனையை முடித்தான். வழக்கமான நிறம். மருதாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனான். அழகிரிசாமி புட்டியை மூடும்போது கை தவறிக் கொஞ்சம் மருந்து துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் சிந்தியது. அந்த இடத்தில்தான் சுப்பண்ணரின் கடைக்குட்டிப் பையன் சற்று முன்பு நின்று மூத்திரம் பெய்துவிட்டு ஓடியிருந்தான். ஈரம் காயவில்லை. மருந்து பட்ட இடம் அழகிரிசாமியின் கண்ணெதிரே கருநீலமாக மாறியது. அவன் குனிந்து பார்த்தான். விரலால் தொட்டுக்கூடப் பார்த்துவிட்டான். நாவல்பழம் நசுங்கின மாதிரி கிடந்தது. அந்தக் கலக்கத்தோடுதான் இட்டேரிக்கு ஓடிப்போய்த் தன்னையே சோதித்துக்கொண்டது.

இப்போது வேலி நிழலில் இருந்து எழுந்து மறுபடி அந்த வீட்டுக்கே போனான். சுப்பண்ணர் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். பேச்சுக்குப் பேச்சு இடைவெளி விட்டுப் பேசுகிற மனிதர். அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், ஒரு புதுச் சோதனை வந்திருக்கிறது, வீட்டில் மூத்தவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு, குழாயை வாங்கிக்கொண்டு வைக்கோற்போருக்குப் பின்னால் போனார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சொட்டு விட்டதும் நிறம் வந்தது. மருதாசலத்துக்கு வந்த அதே நிறம், அதே அழுத்தம்.

காசநோய் இல்லாத மனிதர் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். அப்படியானால் மருதாசலத்தின் மாத்திரையை இவர் தின்கிறாரா? தின்றால் மருதாசலத்துக்கு எப்படி நிறம் வருகிறது? ஒருவேளை மருதாசலத்தின் பெயரில் வேறு யாருடைய சிறுநீராவது இத்தனை நாளும் வந்துகொண்டிருந்ததா? இல்லையே, இன்று தன் கண்ணெதிரேதானே மருதாசலம் பிடித்தான். குழந்தைக்கு எப்படி வந்தது? சுப்பண்ணரிடம் கேட்க வாய் வரவில்லை. சென்னியம்மாளைத் தேடிக்கொண்டு வீட்டு முன்கட்டான ஆசாரத்துக்குப் போனான்.

அவள் ஆசாரத்தில் உட்கார்ந்து பருத்தியைக் காய்ந்த ஓட்டிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நரை காணாத தலை, காய்த்துப்போன கை. அவன் எதிரில் குந்தினான். மாத்திரையை அக்காதானே எடுத்துக் கொடுக்கிறீர்கள், எப்படிக் கொடுக்கிறீர்கள், அத்தனையும் ஒழுங்காகத்தான் கொடுக்கிறீர்களா என்று மெதுவாகத்தான் கேட்டான். அவள் கை நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை. தெய்வாத்தாள் எங்கே இருக்கிறாள் என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கிணற்றடியில் அவள் குரல் கேட்டது. சென்னியம்மாள் முந்தானையை இழுத்து வாயோரம் வைத்துக்கொண்டாள்.

"தெய்வாத்தா சொல்லிப்போட்டாளுங்களா தம்பி?"

எதை என்று அவன் கேட்டான்.

"நாம் பண்ணுனது தப்புத்தானுங். இந்த ஊட்டுக்கு வந்து இத்தன வருசத்துல ஒருத்தருக்கு எச்சு ஒருத்தருக்குக் கம்மீன்னு இந்தக் கையி பண்ணுனதில்லீங். சின்னவரு மூஞ்சியப் பாத்தா மனசு கேக்குலீங் தம்பி. எல்லாருக்கும் வெச்சுப்போட்டு, அவருக்கு மட்டும் யாருக்கும் தெரியாம ஒரு மாத்திரை எச்சா வெச்சுப்போட்டேனுங்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். சத்தம் வராமல், பருத்திக் குவியலைப் பார்த்துக்கொண்டே அழுதாள். திருடிப் பிடிபட்டவள் அழுகிற அழுகை. அழகிரிசாமிக்கு அவள் சொன்னது காதில் விழுந்தும் உள்ளே இறங்கச் சற்று நேரம் ஆயிற்று. எல்லாருக்கும் வைத்துவிட்டு என்றால் என்ன என்று கேட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

காலையில் கஞ்சி குடித்ததும் எல்லாரும் ஆசாரத்தில் உட்காருவார்கள். அவள் பொட்டலத்தைப் பிரித்து முறத்தில் கொட்டுவாள். பெரியவர்களுக்கு இத்தனை, குழந்தைகளுக்கு அதில் பாதி என்று அவரவர் கையில் வைப்பாள். இன்னொரு பொடி மாத்திரையை நுணுக்கிக் கருப்பட்டித் தண்ணீரில் கரைத்து ஆளுக்கு ஒரு மடக்கு. மகாக் கசப்பு. குழந்தைகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றும். நடுத்தம்பி முதல் வாரம் முழுக்க வயிறு கலங்கிக் காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ஆனாலும் ஒருத்தரும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சுப்பண்ணர்தான் முதலில் வாயில் போட்டுக்கொள்வார், தம்பிக்குத் தைரியம் வரட்டும் என்று. பிள்ளை சுமக்கிறவளுக்கு ஆகுமோ ஆகாதோ என்று பாவாத்தாளுக்கு மட்டும் விட்டுவிட்டாள். அவளுடைய பங்குதான் சின்னவருக்குப் போகிற அந்த ஒரு மாத்திரை எச்சு என்று மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிவைத்திருந்தாளாம். ஆனாலும் அது தப்புத்தான், தெய்வாத்தாளும் ஒரு பிள்ளைக்காரிதானே என்றாள்.

"உங்களுக்கு யாரு இப்படிப் பங்கு போடச் சொன்னது?" என்றான் அழகிரிசாமி. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இப்போதுதான் குழப்பம் வந்தது.

"நீங்கதானுங் தம்பி சொன்னீங்க. மொத நாளு இதே ஆசாரத்துல நின்னுக்கிட்டு. இந்தச் சீக்கு ஒருத்தருக்கு வந்தா ஊட்டுக்கே வந்ததா நெனைக்கோணும், ஊடேதான் நோயாளி, எல்லாருஞ் சேந்துதான் வைத்தியம் பண்ணிக்கோணும்னு. அப்பறம் ஒரு கைப்பிடி மாத்திரையக் குடுத்து ஒரு நாளைக்குன்னீங்க. ஒரு ஆளு ஒரு நாளைக்கு அத்தன மாத்திரை திம்பாங்களாங்?"

சொன்னான். அப்படியே சொன்னான். பயிற்சி வகுப்பில் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், நோயாளியை ஒதுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை அவன்தான் தன் கைச்சரக்காக இப்படி அழகுபடுத்தி வைத்திருந்தான். வீடே நோயாளி. அதைச் சொல்லும்போது பெண்களின் முகம் இளகுவதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, போகிற வீட்டிலெல்லாம் சொன்னான். மற்ற வீடுகளில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் அங்கெல்லாம் நோயாளிகள் தேறினார்கள். இவள் ஒருத்திதான் அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டு நடந்தவள்.

அந்த இடத்திலேயே நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு அந்த நேரத்தில் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. கூட இருக்கிற குழந்தைகளுக்கு அந்த மாத்திரை ஒருவேளை நல்லதுதானோ? ஒட்டாமல் காப்பாற்றுமோ? திடீரென்று நிறுத்தினால் ஏதாவது ஆகுமோ? நான் யார் இதைச் சொல்ல? டாக்டரைக் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி எழுந்தான். அவள் பின்னாலேயே வாசல் வரை வந்து, அந்த ஒரு மாத்திரை விஷயத்தைத் தெய்வாத்தாளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்றான். அதையாவது அவனால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

கோயமுத்தூர் வரைக்கும் சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை. டாக்டர் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தான், திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முதல் நாளிலிருந்தா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றான். அவர் சொன்னதை அழகிரிசாமி தனக்குப் புரிந்த மட்டில் இப்படி எடுத்துக்கொண்டான். மருந்து முழுசாகப் போனால் கிருமி சாகும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சாகாது. அந்த மருந்தையே பழகிக்கொள்ளும். பழகிவிட்டால் பிறகு முழுசாகக் கொடுத்தாலும் பலன் இல்லாமல் போகலாம். பழகிவிட்டதா இல்லையா என்று மதராசுக்குச் சளியை அனுப்பித்தான் பார்க்க வேண்டும். அது தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் மாத்திரை அத்தனையும் மருதாசலம் ஒருவனுக்கே. கூடவே தினம் ஊசி. மற்றவர்கள் இன்றோடு நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிழைப்பானா சார் என்று கேட்டான் அழகிரிசாமி. தெரியவில்லை என்றார் டாக்டர். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்தபோது, அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் காலை அவன் எந்தத் தோட்டத்திலும் இறங்கவில்லை. யாரிடமும் மோர் கேட்கவில்லை. சைக்கிளை நேராகச் சுப்பண்ணர் வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தது அவன் கண்ணில் பட்டது. உள்ளே கஞ்சி குடித்து முடித்திருந்தார்கள். முறம் வெறுமையாக மூலையில் சாய்ந்திருந்தது. இன்றைய பங்கும் போய்விட்டது. ஒரு பெண்குழந்தை இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கருப்பட்டித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் நேற்றே சொல்லியிருந்தால் என்று நினைத்தான். ஒரு நாள் பங்கு மிச்சமாகியிருக்கும்.

எல்லாரையும் உட்காரச் சொன்னான். மருதாசலம் சுவரோரம் கம்பளி போர்த்திச் சாய்ந்திருந்தான். பாவாத்தாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அழகிரிசாமி வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பேச்சை மறந்துவிட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே, ஜோடனை எதுவும் இல்லாமல் சொன்னான். இந்த மாத்திரை அத்தனையும் மருதாசலத்துக்கு மட்டும்தான். முதல் நாளிலிருந்தே அவருக்கு மட்டும்தான். பங்கு போட்டதால் மருந்து பற்றாமல் போய்விட்டது. இனிமேல் முழுசாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்; பலிக்குமா என்று போகப்போகத்தான் தெரியும். நான்தான் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்றும் சொன்னான். ஆனால் அதை யாரும் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

தெய்வாத்தாள் தன் குழந்தைகளைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டாள். மாத்திரையை நிறுத்திவிட்டால் இவர்களுக்கு என்ன ஆகும் என்று அவள் புருஷன் கேட்டார். ஒன்றும் ஆகாது, படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அழகிரிசாமி. சென்னியம்மாளின் உதடு எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. கடைசியில், முதலிலிருந்தே அத்தனையும் சின்னவருக்கே கொடுத்திருந்தால் இந்நேரம் எழுந்திருப்பாரா என்று கேட்டாள். அவள் கேட்டது அழகிரிசாமியைப் பார்த்து. ஆமாம் என்பதுதான் பதில் என்று அவனுக்குத் தெரியும். டாக்டர் அடித்துச் சொன்ன வார்த்தை அவன் காதிலேயே இருந்தது. அதை எப்படிச் சொல்வது? இல்லை என்று பொய் சொன்னால் இனிமேல் அவன் சொல்கிற எதை அவள் நம்புவாள்? அவன் சுவரைப் பார்த்தான். அவள் பதிலைத் தெரிந்துகொண்டாள்.

அதுவரை தூணோரம் நின்றிருந்த சுப்பண்ணர் அழகிரிசாமியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் நாயுடு, அப்ப நாங்க இத்தன நாளாத் தின்னது எந்தம்பி பங்குங்களா?"

"தெரியாமப் பண்ணுனதுங்க கவுண்டரே. நல்லதுன்னு நெனைச்சுத்தானுங்களே..."

"நாங் கேட்டது அதில்லீங்."

சுப்பண்ணர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். திரும்ப எங்கே போடுவது என்று தெரியாதவர்போலக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு கட்டுத்தரைப் பக்கம் இறங்கிப் போனார். போகும்போது தம்பியின் பக்கம் திரும்பவில்லை.

இன்றைக்கு உண்டானதையாவது முழுசாகக் கொடுத்துவிடலாம் என்று அழகிரிசாமி தன் பையிலிருந்து புதுப் பொட்டலத்தை எடுத்தான். சென்னியம்மாள் ஒரு வட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் கொட்டினான். வெள்ளை வெளேரென்று குவிந்தது. அதை அவளால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை மட்டும் பழக்கத்தில் குவியலை விரலால் பிரிக்கப்போய், பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. கடைக்குட்டிப் பையன் எழுந்து வந்து வட்டிலுக்கு முன்னால் கையை நீட்டினான். யாரும் எதுவும் வைக்கவில்லை. அவன் இன்னும் நன்றாக விரித்து நீட்டினான். தெய்வாத்தாள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மருதாசலம் வட்டிலை மடியில் வைத்துக்கொண்டான். ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டு, சொம்பைத் தூக்கினான். அப்போதுதான் கட்டுத்தரையிலிருந்து ஓங்கரிக்கிற சத்தம் வந்தது. அழகிரிசாமி வாசற்படிக்குப் போய் எட்டிப் பார்த்தான். சுப்பண்ணர் மாட்டுத் தொட்டியின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக் குனிந்து, மறுகையின் இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். முதுகு எழும்பி எழும்பி இறங்கியது. கஞ்சி வந்து விழுந்தது. நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி விரலை விட்டார். மாடுகள் தீனியை விட்டுவிட்டு அவரைப் பார்த்து நின்றன.

அழகிரிசாமி அவரைத் தடுக்கப் படியிறங்கினான். பின்னால் சொம்பு தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டுத் திரும்பினான். மருதாசலம் வாய் நிறைய மாத்திரையோடு, விழுங்காமலும் துப்பாமலும், கட்டுத்தரைப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். கரைகிற கசப்பில் அவன் கண்ணில் நீர் கட்டி நின்றது. யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் அழகிரிசாமி ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றான்.